பெற்ற பின்னும் தொடரும் வேட்கை: இந்தியக் கிறித்தவப் பக்தியிலக்கியத்தில் பிரிவும் பேறும்

முன்னுரை

இறைவனை அடைய வேண்டும் என்னும் வேட்கை சமயங்கள் பலவற்றிற்கும் பொதுவானது. அவ்வேட்கையைப் புலப்படுத்தும் முறையோ சமயத்திற்குச் சமயமும் மொழிக்கு மொழியும் வேறுபடுகிறது. இந்தியக் கிறித்தவ இலக்கியங்களை ஆராய்ந்தோர் அவற்றின் யாப்பு, அணி, காப்பிய அமைப்பு, மொழிபெயர்ப்பு நெறி ஆகியவற்றை விரிவாக விளக்கியுள்ளனர். அவ்விலக்கியங்களைப் படைத்தோரின் அக அனுபவம் எத்தகையது, அதனை அவர்கள் எம்மொழி மரபின் துணையால் வெளியிட்டனர் என்னும் வினாக்கள் அந்த அளவிற்கு ஆராயப்படவில்லை.

இக்கட்டுரை அவ்வினாக்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கிறித்துவை ஏற்றுக்கொண்ட பின்னரும் தணியாது தொடர்ந்த இறைவேட்கையை இந்தியக் கிறித்தவர்கள் எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதே அது. தமிழில் எச்.ஏ. கிருட்டிண பிள்ளை (1827-1900), மராட்டியில் நாராயண வாமன திலகர் (1861-1919) ஆகிய இரு கவிஞர்களும், இவர்களுக்குப் பின் இவ்வனுபவத்திற்கு இறையியல் விளக்கம் தந்த ஏ.ஜே. அப்பாசாமியும் (1891-1975) இங்கு ஆய்வுக்கு உரியர். பக்தி மரபு இவர்களுக்கு வடிவத்தை மட்டும் தரவில்லை. இறைவனைப் பிரிந்திருப்பதாக உணரும் நிலையையும் அன்பின் ஒரு நிலையாக ஏற்கும் மனப்பாங்கைத் தந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

மனமாற்ற வரலாறும் அதன் அமைப்பும்

கிறித்தவத்தின் நெடிய வரலாற்றில் இறைவேட்கைக்குச் சிறப்பிடம் உண்டு. எபிரேயத் திருப்பாடல்களுள் நாற்பத்திரண்டாம் பாடல், நீரோடையை நாடும் மானின் தவிப்பை உயிரின் தவிப்புக்கு உவமையாக்குகிறது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் புனித அகுஸ்தீன் எழுதத் தொடங்கிய தன்வரலாறு, அமைதியற்ற நெஞ்சத்தைப் பற்றிய வேண்டுதலுடன் தொடங்குகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்நார்து, தலைவன் தலைவி காதலைப் பாடும் இனிமைமிகு பாடலுக்கு 86 மறையுரைகள் வழியே ஆன்மிக விளக்கம் கண்டார். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த சிலுவை யோவான், இறைவன் மறைந்துவிட்டதாக உணரும் இருளையே ஒன்றிப்பிற்கான வழியாகக் கண்டார். ஆகவே, பெற்ற பின்னும் ஏங்கும் நிலை கிறித்தவத்திற்குப் புதிதன்று.

ஆயினும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இந்தியாவிற்கு வந்த சீர்திருத்தச் சபையினரின் பணியில் இம்மரபின் ஒரு பகுதியே முதன்மை பெற்றது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் புளுச்சாவும் ஜெர்மானியப் பக்தி இயக்கத்தைச் சார்ந்தவர்கள். அவ்வியக்கம் இதய அனுபவத்தைப் பெரிதும் வலியுறுத்தியது; அதன் பாடல்கள் தமிழில் ஞானப்பாட்டுகளாக மொழிபெயர்க்கப்பட்டன. எனவே மிஷனரிகளின் சமயம் உணர்ச்சியற்றது என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

குறைபாடு வேறிடத்தில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷன் எழுத்துகளில் மனமாற்ற வரலாறு பெரும்பாலும் ஒரே அமைப்பைக் கொண்டிருந்தது. முதலில் அலைச்சல், அடுத்துப் பாவ உணர்வு, பின்னர் நற்செய்தி, இறுதியில் அமைதி என்பதே அவ்வமைப்பு. வேட்கை என்பது திருமுழுக்கிற்கு முற்பட்ட நிலைக்கு உரியதாகவும், அமைதி என்பது அதற்குப் பிற்பட்ட நிலைக்கு உரியதாகவும் பகுக்கப்பட்டன. திருமுழுக்குப் பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் ஒருவர் இறைவனைக் காணாது தவிப்பதாகக் கூறினால், அது விசுவாசக் குறைவு எனக் கருதப்பட இடமிருந்தது. உற்றாரையும் சாதிக் கட்டமைப்பையும் இழந்து வந்த புதிய கிறித்தவருக்கு இது சிறிய சிக்கலன்று.

இச்சிக்கலுக்கு இந்தியப் பக்தி மரபில் விடை இருந்தது. நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு உரைகண்ட வைணவ ஆசிரியர்கள் அதன் திருவாய்மொழிகளைக் கூடல், பிரிவு என்னும் இரு நிலைகளின் மாறிமாறி வரும் ஓட்டமாக விளக்கினர். சம்ச்லேஷம், விச்லேஷம் என்பன அவர்கள் ஆண்ட சொற்கள். அவர்கள் விளக்கத்தின்படி ஆழ்வார் தொடக்கத்திலேயே இறையருளைப் பெற்றவர். பெற்றவரே பிரிவாற்றாது புலம்புகிறார். பராங்குச நாயகி என்னும் தலைவி நிலையில் நின்று தூது விடுகிறார். மராட்டிய நாட்டிலும் பதினேழாம் நூற்றாண்டுத் துக்காராமின் அபங்கங்கள் விட்டலனை நோக்கிய முறையீடாகவும் சினமாகவும் மன்றாட்டாகவும் அமைகின்றன. இம்மரபுகளில் பிரிவு என்பது அன்பின்மைக்குச் சான்றாகாது. அன்பின் ஆழத்திற்கே சான்றாகும்.

கிருட்டிண பிள்ளை: பயணமும் பதிகமும்

தமிழில் கிறித்தவப் பக்தி, கிருட்டிண பிள்ளைக்கு முன்பே அகமரபைத் தழுவியிருந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி, உலாவரும் தலைவன்மீது காதல் கொண்டு வருந்தும் தலைவியைத் தேவமோகினியாகப் படைத்தது. சிற்றிலக்கிய மரபின் தலைவி இங்குத் திருச்சபையாகிறாள். சாஸ்திரியார் கிறித்தவக் குடும்பத்தில் வளர்ந்து, மிஷனரி சுவார்ட்சிடம் பயின்றவர். அவர் பாடிய ஏக்கம் சபை முழுமைக்கும் உரியது.

கிருட்டிண பிள்ளையின் நிலை வேறு. அவர் திருநெல்வேலி வட்டாரத்தில் கரையிருப்பு என்னும் ஊரில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். கம்பராமாயணத்தில் இளமையிலேயே பயிற்சி பெற்றார். 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியரானார். 1858இல், தம் முப்பத்தோராம் அகவையில், சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அவருடைய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. இரட்சணிய மனோகரம் 1899இல் வெளிவந்தது. மனமாற்றத்திற்கும் இந்நூல்களுக்கும் இடைப்பட்ட காலம் முறையே 36, 41 ஆண்டுகள். இவை புதிதாகச் சமயம் மாறியவரின் முதல் ஆர்வத்தில் எழுந்த நூல்கள் அல்ல என்பது இதனால் தெளிவாகும்.

இரட்சணிய யாத்திரிகத்திற்கு மூலமாக அமைந்தது ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உருவக உரைநடை நூல். நாச நகரை விட்டுச் சுமையுடன் புறப்படும் பயணி ஒருவன் இடர்கள் பல கடந்து விண்ணகர் சேர்வதே அதன் கதை. கிருட்டிண பிள்ளை இதனை ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களாக, மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட செய்யுட்களில் காப்பியமாக்கினார். மூலத்தில் இல்லாத அளவிற்குக் கிறித்துவின் பாடுகளும் இறப்பும் காப்பியத்தில் விரிவடைகின்றன.

இக்கட்டுரையின் நோக்கில் மிகவும் கருதத்தக்கது, காப்பியத்தின் இடையிடையே அவர் அமைத்த தேவாரப் பதிகங்கள். பயணக்கதை படர்க்கையில் நடக்கிறது. ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்க, பயணி முன்னேறிச் செல்கிறான். பதிகம் வருமிடத்தில் கதை நின்றுவிடுகிறது. தன்மையிலும் முன்னிலையிலும் அமைந்த விண்ணப்பம் தொடங்குகிறது. தன் தகுதியின்மையை எடுத்துரைத்தல், இறைவன் செய்த உதவியை வியத்தல், கைவிடாதிருக்க வேண்டுதல் ஆகியன இப்பகுதிகளின் பொருளாக அமைகின்றன. வைணவச் சூழலில் வளர்ந்தவர் சைவத் திருமுறைக்கு உரிய பெயரைத் தம் கிறித்தவப் பாடலுக்குச் சூட்டினார் என்பதும் நோக்கத்தக்கது. அவர் நாடியது குறிப்பிட்ட ஒரு சமயத்தின் கோட்பாட்டை அன்று. இறைவன்முன் நின்று பேசும் தமிழின் மரபையே நாடினார் எனலாம்.

இவ்விரு கூறுகளும் ஒரே நூலில் அமைந்ததால் ஒரு பொருள் வேறுபாடு உண்டாகிறது. பயணம் என்னும் உருவகத்தில் இறைவன் வழியின் முடிவில் இருக்கிறார். வழி முடிந்தால் ஏக்கமும் முடியும். பதிகத்திலோ இறைவன் கேட்கும் தொலைவில் இருக்கிறார். இருந்தும் அடியவன் ஏங்குகிறான். பனியனின் கதைப்போக்கிற்குள் பக்திப் பதிகத்தின் காலவுணர்வை இணைத்ததன் வழியாகக் கிருட்டிண பிள்ளை, ஏக்கத்தைப் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திற்கும் உரியதாக்கினார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த இரட்சணிய மனோகரத்தில் கதை முற்றிலும் நீங்கி, விண்ணப்பமும் துதியுமே எஞ்சி நிற்கின்றன. முதுமையில் அவருடைய நெஞ்சம் எதனை இன்றியமையாததாகக் கருதியது என்பதற்கு இம்மாற்றம் சான்று.

திலகர்: அபங்கமும் துறவும்

நாராயண வாமன திலகர், விடுதலை இயக்கத் தலைவர் பால கங்காதர திலகரின் வேறானவர். இவர் இரத்தினகிரி மாவட்டத்தில் சித்பாவனப் பிராமணர் குடும்பத்தில் பிறந்தார். இந்தியாவிற்கேற்ற புதிய சமயம் ஒன்றைத் தேடி அலைந்த காலத்தில், 1893இல் தொடர்வண்டிப் பயணமொன்றில் ஐரோப்பியர் ஒருவர் அவருக்குப் புதிய ஏற்பாட்டை அளித்ததாக அவர் வரலாறு கூறுகிறது. மலைப்பொழிவு அவர் நெஞ்சைக் கவர்ந்தது. 1895இல் மும்பையில் திருமுழுக்குப் பெற்று, அகமதுநகரில் அமெரிக்க மராட்டி மிஷன் பணியில் சேர்ந்தார்.

திலகரின் மனமாற்றத்தால் விளைந்த பிரிவு உருவகமான பிரிவு மட்டுமன்று. அவர் மனைவி இலட்சுமிபாய் (1868-1936) சில ஆண்டுகள் கணவரைப் பிரிந்து உறவினரிடையே வாழ்ந்து, பின்னர் அவருடன் சேர்ந்து, 1900இல் தாமும் திருமுழுக்குப் பெற்றார். 1934 முதல் பகுதிகளாக வெளிவந்த அவருடைய ஸ்மிருதி சித்திரே மராட்டியின் தலைசிறந்த தன்வரலாறுகளுள் ஒன்று. ஒருவரின் இறைவேட்கை மற்றொருவரின் இல்வாழ்வில் எத்தகைய துயரை விளைக்கும் என்பதை அந்நூல் கசப்பின்றி, நகைச்சுவை கலந்து பதிவு செய்கிறது. பக்தி அனுபவத்தை ஆராய்வோர் அதன் விலையைக் கொடுத்த குடும்பத்தாரின் குரலையும் கேட்க வேண்டும் என்பதற்கு இந்நூல் தக்க சான்று.

திலகர் தாம் துக்காராம் என்னும் பாலத்தின் வழியாகவே கிறித்துவிடம் வந்ததாகக் கருதினார். அப்பாலத்தைக் கடந்தபின் அதனை அவர் கைவிடவில்லை. அபங்கம் என்னும் யாப்பிலேயே கிறித்துவைப் பாடினார். அப்பாடல்கள் அபங்காஞ்சலி என்னும் தொகுப்பாயின. மராட்டியில் கிறித்தவச் செய்யுள் மரபு ஏற்கெனவே இருந்தது. ஆங்கிலேய இயேசு சபையினரான தோமஸ் ஸ்டீபன்ஸ் ஓவி யாப்பில் இயற்றிய கிறிஸ்து புராணம் 1616இல் கோவாப் பகுதியில் அச்சேறியது. ஓவி கதை சொல்வதற்கு ஏற்றது. துக்காராமின் அபங்கமோ வார்கரி அடியார்கள் பண்டரிபுரம் நோக்கி நடந்தவாறு பாடுவது. இறைவனைத் தாயாகவும் தோழனாகவும் நேரில் விளிப்பது. திலகர் தம் அக அனுபவத்திற்கு அபங்கத்தைத் தேர்ந்தது இதனாலேயே எனலாம். கிறிஸ்தாயனம் என்னும் காப்பியத்தையும் அவர் தொடங்கினார். அதனை அவர் முடிக்கவில்லை. அவர் மறைவுக்குப் பின் இலட்சுமிபாயே எழுதி முடித்தார்.

அவருடைய வாழ்வின் இறுதிக் கட்டம் இவ்வாய்விற்கு இன்றியமையாதது. திருமுழுக்குப் பெற்று 22 ஆண்டுகள் கழிந்தபின், 1917இல், அவர் மிஷன் ஊதியத்தைத் துறந்து துறவு மேற்கொண்டார். தேவாச்சா தர்பார், அதாவது இறைவனின் அவை, என்னும் பெயரில் ஓர் அடியார் குழாத்தை அமைக்க முயன்றார். திருமுழுக்குப் பெற்றோர், பெறாதோர் ஆகிய இரு திறத்துக் கிறித்து அடியார்க்கும் அதில் இடம் அளிக்கப்பட்டது. சபை உறுப்பினர் ஆகிவிடுவதால் தேடல் நிறைவுறாது என்பதையும், தேடுவோர் யாவரும் ஒரே வழியில் நடப்போரே என்பதையும் இவ்வமைப்பு உணர்த்தியது. வார்கரிகளின் நடைப்பயணக் கூட்டத்தைப் போன்றதொரு சமூகத்தை அவர் கனவு கண்டார். 1919 மே மாதத்தில் அவர் மறைந்தமையால் அம்முயற்சி வளராது நின்றது. எனினும், அவர் வரலாற்றை 1923இல் ஆங்கிலத்தில் எழுதிய ஜே.சி. வின்சுலோ நிறுவிய கிறித்த சேவா சங்கத்தில் அவருடைய தாக்கத்தைக் காணமுடிகிறது.

அப்பாசாமி: பரவசமும் நிலைபேறும்

இவ்விரு கவிஞர்களும் வாழ்ந்து காட்டியதற்குக் கோட்பாட்டு விளக்கம் தந்தவர் ஏ.ஜே. அப்பாசாமி. பாளையங்கோட்டையில் பிறந்த இவர், பக்தி இலக்கியத்தின் மறைஞான அனுபவத்தை யோவான் நற்செய்தியுடன் ஒப்பிட்டு ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்து 1922இல் முனைவர் பட்டம் பெற்றார். கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கும் அவருடைய ஆங்கில நூல் 1927இலும், மோட்சம் பற்றிய நூல் 1931இலும் வெளிவந்தன. 1950 முதல் 1959 வரை தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயராகப் பணியாற்றினார்.

அப்பாசாமிக்கு முன் இருந்த வினா, அனுபவத்தின் மெய்ம்மையை எதனைக்கொண்டு அளப்பது என்பதாகும். பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, 1904 டிசம்பரில் கிறித்துவின் காட்சியைப் பெற்றதாகக் கூறிய சாது சுந்தர்சிங்கைப் பற்றி அவரும் பி.எச். ஸ்ட்ரீட்டரும் இணைந்து எழுதிய நூல் 1921இல் வெளிவந்தது. சாதுவின் காட்சிகளும் பயண அனுபவங்களும் உண்மையா என்று 1920களில் ஐரோப்பாவில் கடும் விவாதம் எழுந்தது. காட்சியையும் பரவசத்தையும் மட்டுமே சான்றாகக் கொள்ளும்போது இத்தகைய ஐயங்கள் எழுதல் இயல்பு.

அப்பாசாமியின் விடை யோவான் நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தை அடிப்படையாகக் கொண்டது. கொடியில் கிளை நிலைத்திருப்பது போல இறைவனில் நிலைத்திருத்தலே மோட்சம் என்றும், அது இவ்வுலக வாழ்விலேயே தொடங்குகிறது என்றும் அவர் விளக்கினார். இறைவனும் உயிரும் பொருளால் ஒன்றாகிவிடுதல் என்னும் கருத்தை அவர் ஏற்கவில்லை. தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான ஒருமையையும் அன்பின், கீழ்ப்படிதலின் ஒருமையாகவே கண்டார். இதற்கு இராமானுசரின் உடல்-உயிர் உறவு பற்றிய கோட்பாட்டையும், அந்தர்யாமி என்னும் கருத்தையும் துணைக்கொண்டார்.

இவ்விளக்கத்திலிருந்து ஏக்கம் பற்றிய ஒரு முடிவுக்கு வரலாம். இருவர் முற்றிலும் ஒன்றாகிவிட்டால் ஏங்குவதற்கு ஒருவர் எஞ்சமாட்டார். முற்றிலும் பிரிந்துவிட்டாலும், உறவே இன்மையால், ஏக்கம் எழாது. உறவு நிலைத்திருக்க, உறவுக்குரியோர் இருவராகவும் இருக்கும்போதே ஏக்கம் பொருளுடையதாகிறது. நிலைத்திருத்தலும் ஏங்குதலும் அப்பாசாமியின் சிந்தனையில் முரண்படாமைக்கு இதுவே காரணம். கிருட்டிண பிள்ளையின் பதிகமும் திலகரின் அபங்கமும் இவ்விடைவெளியில் பிறந்தவையே.

மறுப்புகளும் அவற்றின் வலிமையும்

இந்நோக்கிற்கு இரு மறுப்புகள் எழுந்துள்ளன. முதலாவது இறையியல் சார்ந்தது. 1938இல் தாம்பரத்தில் நடைபெற்ற அனைத்துலக மிஷனரி மாநாட்டையொட்டி எழுதிய நூலில் ஹென்றிக் கிரேமர், திருமறை வெளிப்பாட்டிற்கும் பிற சமய அனுபவங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்று வாதிட்டார். பக்தியின் ஏக்கமும் கிறித்தவ விசுவாசமும் தோற்றத்தில் ஒத்திருப்பினும் அடிப்படையில் வேறானவை என்பது இத்தகையோர் கருத்து. இதில் உண்மையில்லாமல் இல்லை. கிருட்டிண பிள்ளையின் பாடல்களில் இறைவனின் சிலுவைப்பாடு நினைவுகூரப்படும் இடங்களில் ஏக்கத்துடன் குற்றவுணர்வும் நன்றியும் பிரிக்கமுடியாதபடி கலந்துள்ளன. மரபு வடிவத்திற்குள் புதிய உணர்வு புகுந்திருப்பதை இது காட்டுகிறது. வேறுபாடு உண்டு என்பதை இவ்வாறு ஏற்கலாம். தொடர்ச்சியே இல்லை என்பதை மேற்கண்ட இலக்கியச் சான்றுகள் மறுக்கின்றன.

இரண்டாம் மறுப்பு சமூகம் சார்ந்தது, மேலும் வலியது. 1980களின் தொடக்கத்தில் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல், இந்தியக் கிறித்தவ இறையியல் உயர்சாதியினரின் மரபையே தன் மரபாகக் கொண்டுள்ளது என்று குற்றஞ்சாட்டினார். இந்தியக் கிறித்தவருள் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்தோர். அவர்கள் தேடியவற்றுள் மானமும் கல்வியும் விடுதலையும் அடங்கும். வேளாளரும் பிராமணரும் பாடிய ஏக்கத்தை அனைவரின் ஏக்கமாகக் காட்டுவது முறையாகாது என்னும் இக்கூற்றைத் தமிழாய்வாளர் புறக்கணிக்க இயலாது. புலமை சார்ந்த காப்பியம் எழுதும் வாய்ப்பு யாருக்கு இருந்தது என்பதும் வரலாற்று வினாவே.

ஆயினும் இதனுடன் சேர்த்து எண்ண வேண்டிய செய்திகள் உள. பக்தி மரபு முழுவதும் மேல்தட்டினரின் உடைமை அன்று. மகர் சமூகத்தைச் சேர்ந்த சொக்காமேளர், பண்டரிபுரக் கோயிலுக்குள் நுழைய இயலாது வெளியே நின்று பாடியவர். அவருக்குப் பிரிவு ஓர் உள்ளுணர்வாக மட்டும் இருக்கவில்லை. கோயிற் சுவராகவும் நின்றது. துக்காராமும் சூத்திரராகக் கருதப்பட்டவரே. மேலும், எழுதியவரின் சாதியால் மட்டும் பாடலின் வாழ்வு வரையறுக்கப்படுவதில்லை. வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் தமிழ்ச் சபைகளிலும், திலகரின் பாடல்கள் மராட்டிச் சபைகளிலும், ஏட்டுக்கல்வி பெறாதோர் நாவிலும் வழங்கி வந்துள்ளன. அவர்கள் அப்பாடல்களில் எவ்வகை ஏக்கத்தைக் கேட்டனர் என்பது கள ஆய்வின் வழியே காணத்தக்கது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷன் எழுத்துகள் வேட்கையை மனமாற்றத்திற்கு முன்னும் அமைதியை அதற்குப் பின்னுமாக வைத்தன. கிருட்டிண பிள்ளை, திலகர் ஆகியோரின் படைப்பும் வாழ்வும் இவ்வரிசைக்குள் அடங்கவில்லை. இரண்டாவதாக, பதிகமும் அபங்கமும் இவர்களுக்கு அணியாக மட்டும் அமையாமல், பெற்ற பின்னும் ஏங்குவதற்கான உரிமையை வழங்கின. மூன்றாவதாக, அப்பாசாமி அவ்வேக்கத்தை நிலைத்திருத்தலின் பகுதியாக விளக்கி, பரவசத்தை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளும் போக்கிலிருந்து அதனை விடுவித்தார். நான்காவதாக, இம்மரபின் சமூக எல்லைகளை நிர்மல் போன்றோர் சுட்டியதை ஏற்று, பாடியோரின் அனுபவத்துடன் கேட்டோர், உடன்பாடியோர் அனுபவத்தையும் ஆய்வு உட்கொள்ள வேண்டும்.

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் இதுவரை பெரும்பாலும் தமிழ் இலக்கிய வரலாற்றின் ஒரு கிளையாகவே பயிலப்பட்டு வருகிறது. அதனை மராட்டி முதலிய பிற இந்திய மொழிகளின் கிறித்தவப் பாடல்களுடன் ஒருங்கு வைத்துக் காணும்போது, பக்தி என்னும் சொல் சமய எல்லைகளைக் கடந்து செயற்பட்ட முறை விளங்கும். நம்மாழ்வாரின் தலைவியும் துக்காராமின் அடியவனும் கிருட்டிண பிள்ளையின் பயணியும் வெவ்வேறு திருப்பெயர்களை அழைத்தனர். அழைத்த பெயர்கள் ஒன்றென்று கூற இக்கட்டுரை முற்படவில்லை. ஆனால், மறுமொழி வரும்வரை அழைத்துக்கொண்டே இருத்தலும் அன்பே என்பதை அவர்கள் மூவரும் அறிந்திருந்தனர்.